கருவாட்டுத் தீவு பொட்டலமாய்ப் போன கதை

மலாயாவில், காஜா பெராங் வட்டாரத்தில் நான் வேலை பார்த்த மளிகைக் கடை இருந்த இடத்தில் இப்போது டயர் விற்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் எனக்கு ரப்பர் வாசனை வருவதில்லை. நெத்திலியும் வெந்தயமும்தான் மணக்கின்றன. கூடவே நான் எழுதித் தொலைத்த ஒரு நாடும் ஞாபகத்துக்கு வரும்.

நாட்டின் பெயர் கருவாட்டுத் தீவு. மலாயா முழுக்கச் சுதந்திரம், சுதந்திரம் என்று பேசிக்கொண்டிருந்த காலம் அது. எனக்கும் ஒரு நாட்டுக்குச் சுதந்திரம் வாங்கித் தர ஆசை வந்தது. என் தீவு யாரிடமிருந்து என்று தெரியாமலேயே சுதந்திரம் கேட்டது. கொடுக்க ஆள் இல்லாததால் கொஞ்சம் தாமதமானது. துணி கிடைக்காமல் அதிபரின் கட்டம்போட்ட கைலியையே கொடியாக ஏற்றினார்கள். கொடியை இறக்கும்வரை அதிபர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. இப்படிப் போகும் கதை. கூட்டம் ஓய்ந்த மத்தியானங்களில் பழைய சினிமா நோட்டீஸ்களின் பின்பக்கத்தில் எழுதி, பின்னறையில் மாவு மூட்டைக்கு அடியில் வைப்பேன்.

அதிபருக்கு ஒரு முகம் வேண்டுமே. கண்ணுக்கு எதிரே, கல்லாவில் உட்கார்ந்திருந்தது முதலாளியின் முகம். எதைச் சொன்னாலும் “பேச்சுக்குச் சொல்றேன்” என்றுதான் தொடங்குவார். கூடவே எச்சில் சாரலும் அடிக்கும். தெரிந்தவர்கள் ஓரடி தள்ளி நின்றுதான் அரிசி விலை கேட்பார்கள். இரண்டையும் அப்படியே தூக்கி அதிபரிடம் கொடுத்துவிட்டேன்.

திடீரென்று முதலாளி நகராட்சித் தேர்தலில் நிற்கப் போவதாகச் சொன்னார். பின்னறைதான் தேர்தல் அலுவலகமாம். சாயங்காலத்துக்குள் காலி செய்யச் சொன்னார், தாமும் வந்து கை கொடுப்பதாக. அந்தக் கடையில்தான் எனக்குச் சோறு, அதன் மாடியில்தான் பாய். மாவு மூட்டையை அவர் தூக்கினால் இரண்டும் போச்சு.

எரிக்கலாம் என்றால் தீப்பெட்டி கல்லாவில், கல்லாவில் முதலாளி. சாக்கடையில் போட்டால் மிதக்கும். பயத்தில் மூளை வேலை செய்யாது என்பார்கள். எனக்குத் தேவைக்கு மேல் வேலை செய்தது. பக்கத்திலேயே கம்போங் செட்டி, பல தலைமுறைக்கு முன்பே இங்கு வந்து குடியேறிய செட்டி வீட்டார் வாழும் இடம். அங்கே கும்பிடுவது நம் சாமிகளை, பேசுவது மலாய். தமிழ் படிக்கத் தெரிந்தவர் அபூர்வம். அன்றைக்குச் செட்டி வீட்டார் யார் சாமான் வாங்க வந்தாலும் என் நாவலில்தான் மடித்துக் கொடுத்தேன். சுதந்திரப் போராட்டம் மிளகோடு போனது. அமைச்சரவை சீரகத்தோடு. சாயங்காலத்துக்குள் தீவு காலி. எந்த நாட்டுப் பிரதமரும் அன்றிரவு என்னைப்போல் நிம்மதியாகத் தூங்கியிருக்க மாட்டார்.

கொஞ்ச நாளில் முதலாளி ஓட்டுக் கேட்கக் கம்போங் செட்டிக்கே புறப்பட்டார். நோட்டீஸ் கட்டைத் தூக்க நான். மாவிலைத் தோரணம் கட்டிய ஒரு வீட்டில் அந்த வீட்டு அம்மா எங்களை உட்காரவைத்து, தேங்காய்ப்பால் பலகாரம் கொடுத்தார். பிறகு சாமி மாடத்திலிருந்து ஒரு தாளை இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். நம் கடை மஞ்சள்தூளோடு வந்ததாம். கோயிலில் பார்க்கிற அதே எழுத்து, மேலே மஞ்சள் வேறு. குப்பையில் போட மனம் வரவில்லையாம். என்ன பாட்டு என்று படித்துச் சொல்லும்படி மலாயில் கேட்டார்.

நான் படிப்பதாகச் சொல்லிக் கையை நீட்டினேன். முதலாளி அதற்குள் கண்ணாடியை மாட்டிவிட்டார்.

“பேச்சுக்குச் சொல்றேன் என்று அதிபர் வாயைத் திறந்ததும், முன்வரிசை மக்கள் குடையை விரித்தார்கள்,” என்று சத்தமாகப் படித்தார்.

அதற்குப் பிறகு கண் மட்டும் வரிவரியாக இறங்கியது. தினமும் பார்க்கிற கையெழுத்து அவருக்குத் தெரியாதா? நான் மனசுக்குள் பாயைச் சுருட்டிவிட்டேன். மூவாருக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று யோசித்தேன். மூவாரில் எனக்கு யாருமில்லை என்பதும் ஞாபகம் வந்தது. வாயிலிருந்த பலகாரம் உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் என்னைப் போலவே நின்றது.

முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு அந்த அம்மாவுக்கு மலாயில் விளக்கினார். நல்ல ராஜா ஒருவரின் கதையாம். அவர் பேச எழுந்தால், மேலே வெயில் படக்கூடாதென்று மக்களே குடை பிடிப்பார்களாம். அந்த அம்மா தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பழைய இடத்திலேயே வைத்தார்.

திரும்பும்போது முதலாளி எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். கடை கண்ணுக்குத் தெரிந்ததும் நின்றார்.

“மிச்சம் எங்கடா?”

“மிளகு, சீரகம்னு எல்லாம் போயிருச்சு முதலாளி.”

“அந்த ஆளு கடைசியில ஜெயிக்கிறானா?”

நான் எழுதியிருந்தபடி, தேர்தலில் அதிபர் ஓர் ஆட்டிடம் தோற்றிருந்தார்.

“ஜெயிச்சிர்றாரு முதலாளி.”

“பொய் சொல்றதுக்கும் ஒரு மூஞ்சி வேணும்டா.” நாலு எட்டு நடந்துவிட்டு, திரும்பாமலே சொன்னார்: “லாரி வந்து நிக்குது பாரு. போயி மூட்டைய எறக்கு.”

எறக்கினேன். அன்றைக்கு மூட்டைகள் பஞ்சாக இருந்தன.

தேர்தலில் முதலாளி தோற்றுப்போனார். ஆட்டிடம் இல்லை என்பது ஓர் ஆறுதல்.

சுதந்திரம் வந்த காலையில், கடைக்கு முன்னால் அஞ்சடி நடைபாதையில் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் சர்பத் கொடுத்தோம். கம்போங் செட்டியிலிருந்தும் வந்திருந்தார்கள். முதலாளி மண்ணெண்ணெய்ப் பெட்டிமேல் ஏறினார். முன்வரிசையில் சர்பத் தட்டோடு நான்.

“பேச்சுக்குச் சொல்றேன்,” என்று தொடங்கியவர் நிறுத்தி, என்னைப் பார்த்தார். தூணில் மாட்டியிருந்த தம் குடையை எடுத்து நீட்டினார்.

“விரிச்சுக்கடா.”

தட்டைக் கீழே வைத்துவிட்டு விரித்தேன். எனக்குப் பக்கத்தில் இன்னொரு குடை விரிகிற சத்தம் கேட்டது. திரும்பினால், அந்தச் செட்டி வீட்டு அம்மா. எட்டி, கை வலிக்க வலிக்க, பெட்டிமேல் நின்ற ராஜாவின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தார்.