பம்பரம் போட்ட தேன் ஒயின்

என் தங்கை வீட்டுக்காரருக்கு உட்கார வராது. என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்தால் நாற்காலியை இழுத்துப் போடுவேன். அவர் அதன் ஆடுகிற காலைக் கவிழ்த்துப் பார்த்து, ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு, நின்றபடியே பேசிவிட்டுப் போய்விடுவார். லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றி இறக்குகிற மனிதர் ஒரு இடத்தில் நிலைகொள்வதில்லை. கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் பம்பரம்.

ஒரு காலத்தில் குடித்தார். சும்மா மறைத்துப் பேசுவானேன், நன்றாகவே குடித்தார். மகளுக்குப் பள்ளி ஆண்டுவிழாவில் பரிசு கொடுத்த அன்று மேடையேறிப் பேசப் போய், திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு அதோடு சேர்ந்து விழுந்தார். அந்தப் பெண் பரிசை வாங்காமலே வீட்டுக்கு நடந்து போனாள். அதற்குப் பிறகு அவர் தொடவில்லை. யாரும் சத்தியம் வாங்கவில்லை, அவரும் சொல்லிக்கொள்ளவில்லை, நிறுத்தினார். வருடங்கள் ஓடிவிட்டன. மகள் வளர்ந்து மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அப்பாவிடம் மரியாதையாகத்தான் பேசுவாள். சாப்பிட்டீர்களா, மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று கேட்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இருக்காது.

அவளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. காலையில் பதிவு, சாயங்காலம் ஒரு கூடத்தில் நண்பர்களுக்கு விருந்து. அதைச் சொல்ல வீட்டுக்கு வந்தபோது நானும் இருந்தேன். மருந்துச் சீட்டைப் படிக்கிற குரலில் சொன்னாள்.

"பதிவுக்கு வாங்கப்பா. விருந்துக்கு வேண்டாம். மேஜைக்கு மேஜை ஒயின் இருக்கும்."

என் தங்கை சேலைத் தலைப்பைப் பிசைந்தாள். அவர் சமையலறைக் குழாயின் வாஷரை மாற்றிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு, குழாயைத் திறந்து மூடி, ஒழுகவில்லை என்று பார்த்துக்கொண்டு, கையைத் துடைத்தபடி சொன்னார்.

"அந்த ஒயினை நானே போட்டுத் தரேன்."

பாலுக்குப் பூனையைக் காவல் வைக்கிற கதையாக இருக்கிறதே என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். மகள் அவரையே பார்த்தாள். மறுப்பாள் என்று நினைத்தேன். சரி, போடுங்கள் என்றாள். ஆனால் ஒரு வாய் உள்ளே போனதாகத் தெரிந்தால் பதிவுக்கும் வர வேண்டாம் என்றாள். அவர் தலையாட்டினார். மொத்தப் பேச்சும் அவ்வளவுதான். 

தேன் கிடைத்தது ஒரு பல் டாக்டரிடம். மொட்டை மாடியில் தேனீ வளர்ப்பவர். லிஃப்டில் மாட்டிக்கொண்டவரை இவர் வெளியே எடுத்ததிலிருந்து பழக்கம். ஒரு வாளித் தேனை அடக்க விலைக்குக் கொடுத்தார். ஈஸ்ட் வாங்க, ஒயின் சாமான் விற்கிற கடைக்குப் பம்பரம் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நானும் ரொட்டி போடுகிற ஈஸ்ட்டைப் போட்டால் என்ன குடிமுழுகிப் போகும் என்று கேட்டுப் பார்த்தேன். அது மாவை உப்ப வைக்கப் பழகினது, பாதியில் படுத்துவிடும், குடித்தால் ரொட்டி வாசம் அடிக்கும் என்று கடைக்கார அம்மா என் வாயை அடைத்தார். இதற்கென்று ஒயின் ஈஸ்ட்டே தனியாக வருமாம்.

அதிலும் ஒன்றா இரண்டா? கை அகலப் பாக்கெட்டுகளைப் பரப்பினார். இது எவ்வளவு போதை ஏறினாலும் அசராது, கடைசிச் சர்க்கரை வரை தின்று தீர்க்கும், தேனின் இனிப்பு மிஞ்சாது. இது ஓரளவுக்கு மேல் தாங்காது, களைத்து நின்றுவிடும், இனிப்பு தங்கும். இது குளிர்ந்த அறையில்தான் ஒழுங்காக இருக்கும், சூடு ஏறினால் அழுகின முட்டை நாற்றம் விடும். எனக்கு அவர் வீட்டுச் சம்பந்திகளை அறிமுகப்படுத்துகிற மாதிரி இருந்தது. எந்தக் குடியைக் கேட்டாலும் பெயர் சொல்லக்கூடிய இந்த மனிதருக்கு, அது எப்படி உண்டாகிறது என்று மட்டும் தெரிந்திருக்கவில்லை. ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்பித் திருப்பிப் படித்தார். யாருக்காக என்று அந்த அம்மா கேட்டார், இனிப்பாக வேண்டுமா, இனிப்பில்லாமலா? இவர் என் பக்கம் திரும்பினார்.

"அவளுக்கு இனிப்பு பிடிக்குமா மச்சான்?"

பெற்ற மகளைப் பற்றி மாமனிடம் கேட்கிறார். எனக்குச் சுருக்கென்றது. பிடிக்கும் என்றேன். களைத்து நிற்கிற பாக்கெட்டை எடுத்தார். அவ்வப்போது ஒரு வாய் ருசி பார்த்துக்கொள்ளுங்கள், அதுவே சொல்லும் என்று அந்த அம்மா சொன்னதும் இவர் முகம் மாறியது. ருசி பார்க்காமல் செய்ய வழி உண்டா என்று கேட்டார். அந்த அம்மா மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், ஒரு கண்ணாடி மிதவையையும் உயரமான குழாய் ஒன்றையும் எடுத்து வைத்தார். ஜாடியிலிருந்து கொஞ்சம் குழாயில் எடுத்து மிதவையை விட வேண்டும். சர்க்கரை இருக்கும்வரை உயர்ந்து மிதக்கும், சர்க்கரை மதுவாக மாற மாற அமிழும். ஒரே கோட்டில் நெடுநாள் நின்றால் வேலை முடிந்தது என்று அர்த்தம். முடியாததைப் புட்டியில் அடைத்தால் புட்டி வெடிக்கும். எடுத்ததை மறுபடி ஜாடியில் ஊற்றக் கூடாது, கிருமி உள்ளே போய்விடும். அடிக்கடி எடுக்கவும் கூடாது என்று கடைசியாகச் சொன்னார். அந்தக் கடைசி வரி மட்டும் இவர் காதில் ஏறவில்லை.

வேலையை நன்றாகத்தான் ஆரம்பித்தார். தேனைத் தண்ணீரில் கரைத்து மூடியில் தண்ணீர்ப்பூட்டு வைத்த கண்ணாடி ஜாடியில் நிரப்பினார். உள்ளே உண்டாகிற காற்று வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது. ஈஸ்ட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் தூவி, குழந்தைப் பாலுக்குப் பார்க்கிற மாதிரி மணிக்கட்டில் சொட்டுவிட்டுச் சூடு பார்த்தார். அது நுரைத்து எழுந்ததும் ஊற்றினார். தேனில் சர்க்கரை மட்டும்தான் உண்டாம், ஈஸ்ட்டுக்கு உடம்பில் ஒட்டுகிற சத்து கிடையாதாம். அதற்கென்று ஒரு பொடியை முதல் நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். போட்டார், ஆனால் கெட்டுவிடுமோ என்று பயந்து கை சுருக்கிப் போட்டார்.

முதல் வாரம் ஜாடி சோற்றுப்பானை மாதிரி கொதித்தது. பூட்டில் குமிழ் குமிழாகச் சத்தம். மகள் வந்து பார்த்தாள். அப்பா அந்தப் பக்கம் போனபோது ஜாடியின் பின்பக்கம், நீர்மட்டத்துக்கு நேராக, ஒரு துண்டு வெள்ளை டேப்பை ஒட்டினாள். மட்டம் இறங்கினால் தெரிந்துவிடும். அம்மாவிடம் உதட்டில் விரல் வைத்துக் காட்டிவிட்டுப் போனாள்.

அதன் பிறகு அந்த வீட்டில் மனிதர் நிம்மதியாக மூச்சு விட முடியவில்லை. அவர் குட்டி போட்ட பூனை மாதிரி ஜாடியைச் சுற்றினார். காது வைத்துக் கேட்டார், மோந்து பார்த்தார், ஈரத்துணி சுற்றினார், அவிழ்த்தார். என் தங்கை அவரைச் சுற்றினாள். அவள் சலவை நிலையத்தில் காலை முறை. விடியும் முன்னே போய்விட்டு மத்தியானம் திரும்புவாள். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஜாடிக்குப் பின்னால் போய்க் குனிவாள். ஒரு நாள் நீர்மட்டம் டேப்புக்குக் கீழே இருந்தது. மறுநாள் இன்னும் கொஞ்சம் கீழே. அடுத்த வாரம் ஒரு விரற்கடை இறங்கிவிட்டது. பாத்திரம் கழுவுகிற தொட்டியில் குனிந்தால் பழைய நாட்களின் வாசம்.

என் கடைக்கு வந்து அழுதாள். மகளிடம் சொல்லிவிடு, பின்னால் தெரிந்தால் உன்னையும் நம்ப மாட்டாள் என்றேன். என்னை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தாள்.

"சொன்னா அவ அப்பன் முகத்துல முழிக்க மாட்டாண்ணே. இத்தனை வருஷம் தொடாம இருந்தவரு. ஒரு வாய்க்காக எல்லாம் போயிடணுமா?"

அவள் என்ன செய்யப்போகிறாள் என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் தடுத்திருப்பேன். வீட்டுக்குப் போய், தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, பூட்டைக் கழற்றி, டேப்பின் மட்டத்துக்கு ஊற்றி மூடிவிட்டாள்.

மறுநாள் அவர் என் கடைக்கு வந்தார். நாற்காலியைப் பார்க்கவே இல்லை. ஒரு வாரமாகக் குமிழ் நின்றுவிட்டது, ஈஸ்ட் நடுவழியில் படுத்துவிட்டது, தப்பான பாக்கெட்டை எடுத்துவிட்டேனோ என்று தூக்கமில்லை என்றார். அதனால் தினமும் காலையில் குழாயில் எடுத்து மிதவை விட்டுப் பார்த்தாராம். ஒரே கோட்டில் நின்றதாம்.

"இன்னிக்கு ரெண்டு கோடு இறங்கியிருக்கு மச்சான். சந்தோஷமா இருந்துச்சு. ஆனா குமிழே இல்ல. சத்தமே இல்லாம சர்க்கரை எப்படிக் குறையும்?"

தினமும் எடுத்ததை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. தொட்டியில் ஊற்றினேன், வேறென்ன செய்ய என்றார்.  தங்கை அழுததைச் சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. கண்ணாடித் துணியை எடுத்து, துடைத்த கண்ணாடியையே துடைத்தேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. லிஃப்ட் நடுவில் நின்றால் யோசிக்கிற மாதிரி யோசித்துக்கொண்டிருந்தார். இத்தனை தடவை எடுத்தும் மட்டம் ஏன் குறையவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொன்னவர் அப்படியே நின்றார். பிறகு விடைகூடப் பெறாமல் கிளம்பிப் போனார். நான் கடையைச் சாத்திவிட்டுப் பின்னால் ஓடினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஜாடியைப் பின்பக்கம் திருப்பி வைத்திருந்தார். டேப்பின் கோட்டை ஒட்டியே நீர்மட்டம் நின்றது. வீட்டில் வேறு யாரும் இல்லை. டேப்பை விரலால் தடவினார்.

"தண்ணி ஊத்தி மட்டத்தை ஏத்தியிருக்கா உங்க தங்கச்சி. நான் குடிச்சேன்னு நெனச்சிருக்கா, மச்சான். நெனச்சும் காட்டிக் கொடுக்கல."

கோபமா, அழுகையா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. பனைமரத்தடியில் பாலைக் குடித்தாலும் கள் என்றுதான் சொல்வார்கள். ஆனால் இவர் பாலைக்கூடக் குடிக்கவில்லை. அத்தனை வருடம் ஒழுங்காக இருந்ததற்கு இந்த வீடு கொடுத்த சான்றிதழ் ஒரு டேப்புத் துண்டு. சந்தேகப்பட்டவர்களையும் குறை சொல்ல முடியாது. அந்த மேடையில் திரைச்சீலை விழுந்ததை நானும் பார்த்தேன்.

என் தங்கை வேலையிலிருந்து வந்ததும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. இங்க வா என்று கூப்பிட்டு, அவள் கண்முன்னே குழாயில் எடுத்தார், மிதவையை விட்டார், எந்தக் கோடு என்று அவளையே படிக்கச் சொன்னார், தொட்டியில் ஊற்றினார். அவள் ஜாடிக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். மட்டம் ஒரு மயிரிழை இறங்கியிருந்தது. அவளுக்குக் கணக்கு விளங்கிவிட்டது.

"இதை என் முன்னால செஞ்சிருக்கக் கூடாதாங்க?" என்று அவர் மேலேயே பாய்ந்தாள்.

"நீ கேட்டிருக்கலாமே" என்றார்.

அன்று இருவரும் சாப்பிடவில்லை. மறுநாள் ஜாடிக்குப் போர்வை சுற்றி, மிச்சம் வைத்திருந்த சத்துப்பொடியைக் கொஞ்சம் போட்டார்கள். சில நாளில் குமிழ் திரும்பியது. போர்வையாலா, பொடியாலா, என் தங்கை ஊற்றின தண்ணீராலா என்பது அந்த ஈஸ்ட்டுக்குத்தான் வெளிச்சம். அதற்குப் பிறகு மிதவை விடும்போதெல்லாம் இரண்டு பேரும் சேர்ந்தே விட்டார்கள். மட்டம் மறுபடி டேப்பைவிட்டு இறங்கியது. இந்தத் தடவை தண்ணீர் ஊற்றவில்லை. மகள் வந்து பார்க்கட்டும் என்று அவர் சொல்லிவிட்டார். சொன்னாரே தவிர, அடுத்த இரண்டு மாதமும் அவருக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஒயின் தெளிந்து, மிதவை ஒரே கோட்டில் நின்றுவிட்டது. புட்டியில் அடைக்கலாமா என்று பார்க்க மகளைக் கூப்பிட்டார். அவள் உள்ளே வந்ததும் நேராக ஜாடியின் பின்பக்கம் போனாள். டேப்புக்கும் ஒயினுக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி. நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். என் தங்கை எல்லாவற்றையும் கொட்டினாள், தான் தண்ணீர் ஊற்றியது உட்பட. சொல்லச் சொல்ல அது ஜோடித்த கதை மாதிரியே எனக்குக்கூடக் கேட்டது. மகள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நம்புவதற்கு அவளிடம் எந்தச் சாட்சியும் இல்லை. தொட்டியில் ஊற்றியது தொட்டியோடு போய்விட்டது.

 அவர் ஒரு தம்ளரில் கொஞ்சம் எடுத்து அவளிடம் நீட்டினார். 

"இனிப்பு போதுமான்னு நீதான் சொல்லணும். எனக்குத் தெரியாது."

அவள் தம்ளரை வாங்கவில்லை. "இத்தனை மாசமா செஞ்சீங்க. என்ன ருசின்னே தெரியாதா?"

"தெரியாது."

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தது கொஞ்ச நேரம்தான், ஆனால் என் தங்கை என் கையைப் பிடித்த பிடியில் விரல் கன்றிவிட்டது. பிறகு மகள் தம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தாள். உடனே விழுங்கவில்லை. விழுங்கிய பிறகு அப்பாவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கண் தெரியாதவருக்குத் தெருவைக் காட்டுகிற மாதிரி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். முதலில் தேன் வாசம் வருகிறது, ஆனால் தேன் இல்லை. நாக்கில் பட்டதும் பச்சை ஆப்பிள் மாதிரி ஒரு புளிப்பு. அப்புறம்தான் இனிப்பு வருகிறது, கொஞ்ச நேரம் நிற்கிறது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"கடைசியில எரியுதா?"

"லேசா எரியுதுப்பா."

"ஆரம்பத்துல அதுக்குச் சாப்பாடு சரியாப் போடல. அதான்."

அவள் மிச்சத்தையும் குடித்துவிட்டுத் தம்ளரை அவர் கையில் கொடுத்தாள்.

"பரவாயில்ல. விருந்துக்கு நேரத்தோட வந்துடுங்க. எல்லாருக்கும் நீங்கதான் ஊத்தணும்."