பொன்னுவேல் எடுத்துச் சென்ற சட்ட நூல்

பொன்னுவேல் என் பெரியப்பாவின் மூத்த மகன். வயது ஐம்பத்து மூன்று. வாழவந்தி அருகே ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். ஆட்களின் வருகையும் சம்பளப் பட்டியலும் அவர் பொறுப்பு. சட்டம் படிக்கச் சேர்ந்தவர், பெரியப்பா இறந்ததால் பாதியில் நின்றார். அவர் தம்பி லோகேஷ் ஏற்காட்டில் யூடியூப் செய்திச் சேனல் நடத்துகிறான். ஒரு தங்கும் விடுதியின் கழிவுநீர் ஓடையில் கலப்பதைப் படம்பிடித்து, 2024 மே மாதம் வெளியிட்டான். ஆகஸ்டில் விடுதியின் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். பதினைந்து நாளில் காணொளியை நீக்கி மன்னிப்புக் கேட்க வேண்டும்; தவறினால் அவதூறு வழக்கு.

பட்டா, வாரிசுச் சான்று என எந்தக் காகிதம் வந்தாலும் பொன்னுவேலிடம் கொண்டுபோவதே எங்கள் குடும்ப வழக்கம். இந்த நோட்டீசுக்கும் அவர் காத்திருந்தார். லோகேஷ் அதைத் தன் மனைவி சௌமியாவிடம் கொடுத்தான். அவள் நூலகவியல் படித்தவள். அன்று மாலை டீக்கடையில் யாரோ அண்ணனைக் கேட்கவில்லையா என்று விசாரித்திருக்கிறார்கள்.

"அண்ணன் படிச்ச சட்டமெல்லாம் பரண்ல கெடக்குதுங்க. எறக்குனா தூசிதான் வரும்" என்றான் லோகேஷ்.

கடை சிரித்தது. வெளியே நின்ற பொன்னுவேல் டீ குடிக்காமல் திரும்பினார்.

மறுநாள் கிளை நூலகம் திறந்ததும் முதல் ஆளாகப் போனார். பத்திரிகைச் சட்டங்களைப் பற்றி அங்கே தமிழில் ஒரே ஒரு நூல்தான் உண்டு என்பது அவருக்குத் தெரியும். அதைத் தம் அட்டையில் பதிந்து எடுத்துக்கொண்டார். அதைத் தேடி வரும் சௌமியாவின் கை அலமாரியில் வெற்றிடத்தைத் தொட வேண்டும். வேறு நோக்கம் இல்லை.

நண்பகலில் வந்த சௌமியா, நூல் வெளியே போயிருப்பதை அறிந்து சேலத்துக்குப் பஸ் ஏறினாள். மாவட்ட மைய நூலகத்தின் குறிப்புதவிப் பிரிவில் தேடினாள். சட்டக் கல்லூரி நூலகத்தில் கடிதம் கொடுத்து அனுமதி வாங்கினாள். ஊடகச் சட்ட நூல்களிலிருந்தும் தீர்ப்புத் தொகுப்புகளிலிருந்தும் நகல்களோடு திரும்பினாள். இவற்றையெல்லாம் பொன்னுவேலின் மனைவி சோறு போடும்போது வியந்து சொல்வார். அவர் பாதிச் சோற்றில் எழுந்துவிடுவார்.

சௌமியாவிடம் பிழை காண்பதற்காகவே பொன்னுவேல் அந்த நூலைப் படிக்கத் தொடங்கினார். தம்பி வீட்டுக்குப் போய் நகல்களையும் அவள் எழுதிவைத்திருந்த பதில் வரைவையும் புரட்டிப் பார்த்தார். பிழை கிடைத்தது. வரைவில் அவள் காட்டியிருந்தவை யாவும் ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தின் பிரிவுகள். காணொளியோ மே மாதத்தது. அதற்குப் பழைய சட்டமே பொருந்தும். இரண்டு நாள் அவர் மகிழ்ச்சியாக இருந்தார். அவள் பெயர் கெடும் என்ற நினைப்பு இனித்தது. தம்பி கோர்ட்டில் நிற்பான் என்ற நினைப்பு அதை விழுங்க விடவில்லை.

கெடு முடியும் நாளன்று முற்பகலில் நூலோடு தம்பி வீட்டுக்குப் போனார். சௌமியா நூலக முத்திரையைப் பார்த்தாள்.

"ஏனுங்க மாமா, இது உங்ககிட்டயா இருந்துச்சு?"

"நான்தான் எடுத்தேன் கண்ணு. நீ எடுக்கக் கூடாதுன்னுதான் எடுத்தேன்."

லோகேஷ் சினத்தோடு எழுந்தான். அவனை உட்காரச் சொல்லிவிட்டு அவள் நூலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பொன்னுவேல் மே மாதத்தைச் சுட்டிக்காட்டினார்.

"தேதியப் பாக்காம உட்டுட்டனுங்க. பழைய சட்டத்துல நமக்கு எடம் இருக்குதுங்களா?"

இருந்தது. பொதுநன்மைக்காக உண்மையைச் சொல்வது அவதூறாகாது என்ற விதிவிலக்கை அவர் வாசித்தார். அவள் பதிலைத் திருத்தி எழுதினாள். லோகேஷ் கையெழுத்திட்டு அனுப்பினான்.

பதில் யார் எழுதியது என்று உறவினர் கேட்டபோதெல்லாம் லோகேஷ் சௌமியாவின் பெயரையே சொன்னான். கேட்டுக்கொண்டிருந்த பொன்னுவேலின் முகம் சுருங்கியதை நானும் கண்டேன். விடுதியிலிருந்து இன்றுவரை மறுமொழி இல்லை. வழக்கு இனியும் வரலாம் என்பதால் காகிதங்கள் யாரிடம் இருப்பது என்ற பேச்சு எழுந்தது. பொன்னுவேல் கை நீட்டினார். லோகேஷ் காகிதக் கட்டைச் சௌமியாவிடம் கொடுத்தான். வழக்குப் போடும் கெடு தீரும்வரை அதை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்று அவள் பொன்னுவேலிடமே கேட்டாள். அவர் தரையைப் பார்த்தபடி விடை சொன்னார்.

காணொளி வெளியான நாளிலிருந்து மூன்று ஆண்டுகள்.