கொள்ளுத்தாத்தாவின் ஞானத்தகப்பன்

மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இடது கண்ணை மூடிக்கொண்டு, பழுத்த தாளின் மேல் பூதக்கண்ணாடியை அங்குலம் அங்குலமாக நகர்த்துகிறான் என் தம்பி. வாய் மட்டும் ஓய்வதில்லை. "வாங்கம்மா. உங்க வீட்டுக்காரர் பேரு என்ன? அடடா, சாமியார் எழுதாம விட்டுட்டாரா? பரவால்ல, அடுத்த பிள்ளைக்கு எழுதியிருப்பாரு, அங்க பாத்துக்கலாம்." அவன் பேசுவது செத்து நூறு வருடத்துக்கு மேலான ஒரு பெண்ணிடம். பக்கத்து மேசையில் இருக்கும் பங்குக் கோயில் கணக்கர் தலை நிமிர்வதுகூட இல்லை. அவருக்கு இது பழகிவிட்டது.

தம்பி கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். கண் பார்த்து, வில்லை தேய்த்து, சட்டத்தில் பொருத்திக் கொடுப்பது தொழில். கடை மூடியிருக்கும் நாளில் கோயிலின் பழைய ஏடுகளே கதி. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று அவை மூன்று வகை. தொடுவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைக்காமல் காற்றில் உதறிக்கொண்டு நிற்பான். துண்டில் துடைத்தால் பஞ்சு ஏட்டில் ஒட்டுமாம். அந்தக் காலத்தில் ஏடு எழுதிய சாமியார்களுக்கெல்லாம் பட்டப்பெயர் வைத்திருக்கிறான். ஒல்லி எழுத்துக்காரர் 'கொசுக்கால்'. பக்கத்துக்குப் பக்கம் கறை வைத்தவர் 'மைக்கொட்டி'. பாதி விவரத்தோடு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவர் 'அவசரக்குடுக்கை'. "அவசரக்குடுக்கை காலத்துல பொறந்தவங்க பாவம்க்கா. பெத்தவ பேரே இருக்காது" என்பான்.

நான் எட்டாவதோடு நின்றவள். அவன் படித்துச் சொல்வதைப் பிரதி எடுப்பதும், வம்சப் படத்துக்குக் கோடு போடுவதும் என் பங்கு. ஒரு கோடு கோணினாலும் இருவருக்கும் தூக்கம் வராது.

இதைப் பார்த்துச் சிரிக்காத உறவு இல்லை. "ஏதாவது சொத்து தேறுமா?" என்று கேட்பார்கள். அவனுடைய மச்சினனே ஒரு நாள், "என்ன மாமா, செத்தவங்களுக்கும் கண்ணாடி போட்டு விடறீங்களா?" என்றான். தம்பி, "அவங்கதான்டா சட்டம் பிடிக்கலன்னு திருப்பிக் கொண்டு வர்றதில்ல" என்று சிரித்தான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. கேலி பேசும் இதே வாய்கள், தங்களுக்குத் தேவையென்றால் மட்டும் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டும்.

முக்கியமாக எங்கள் சித்தப்பா. தம்பி கண்டெடுத்தவற்றில் அவருக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. அது எங்கள் கொள்ளுத்தாத்தாவின், அதாவது சித்தப்பாவுடைய தாத்தாவின், ஞானஸ்நானப் பதிவு. ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்கும் ஞானத்தகப்பன் என்ற இடத்தில் அந்த ஊர் டாக்டரின் பெயர் இருந்தது. கல் உடைத்துப் பிழைத்த வீட்டுப் பிள்ளையை ஒரு டாக்டர் கையில் ஏந்தி நின்றிருக்கிறார். சித்தப்பா அதை எத்தனை தடவை சொன்னாரென்று அவருடைய சம்பந்தியைத்தான் கேட்க வேண்டும்.

அடக்க ஏடு ஈரத்தில் ஒட்டிக் கிடந்ததால் தம்பி அதைப் பார்க்காமலே விட்டிருந்தான். கோயிலில் அதைப் பிரித்துச் சரிசெய்து வைத்த பிறகுதான் பார்த்தான். அன்று செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னான்: "அக்கா, நாம கொள்ளுத்தாத்தான்னு பிடிச்சு வச்சிருக்கற பிள்ளை எட்டு மாசத்துல செத்துப்போச்சு."

ஏடு தேடுகிறவர்கள் வழக்கமாக ஏமாறுகிற இடம் இதுதானாம். மூத்தது தங்காவிட்டால், வைத்த பெயர் வீணாகக் கூடாதென்று அடுத்ததற்கும் அதையே வைப்பார்கள். இரண்டு வருடம் தள்ளித் தேடினான். அதே தாய், அதே தகப்பன், அதே பெயர். அதுதான் எங்கள் கொள்ளுத்தாத்தா. ஞானத்தகப்பன் மட்டும் வேறு. பெயருக்குப் பக்கத்தில் தொழிலையும் எழுதியிருந்தார்கள்: கல்லறைத் தோட்டத்தில் குழிவெட்டி.

சித்தப்பாவிடம் சொன்னோம். "ரெண்டு பேருக்கும் ஒரே பேருதானேடா. எது இருந்தா என்ன?" என்றார்.

"செத்த பிள்ளைக்கு நாம எப்படி சித்தப்பா பொறந்தோம்?" என்று கேட்டான் தம்பி.

"அதுக்காக? குழிவெட்டுறவனா எங்க தாத்தாவுக்கு ஞானத்தகப்பன்? சம்பந்தி முகத்துல எப்படி முழிப்பேன்?"

தம்பி கோபப்படவில்லை. "மூத்த பிள்ளைய அடக்கம் பண்ணினது இவர்தான்னு ஏட்டுல இல்ல. நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா அப்ப அந்தக் கோயில்ல குழிவெட்டி ஒருத்தர்தான் இருந்தாரு" என்றான். தன் பிள்ளைக்குக் குழி வெட்டிய கையில் அடுத்த பிள்ளையைக் கொடுத்திருக்கிறார் ஒரு தகப்பன். அதைவிடப் பெருமை இந்த வம்சத்துக்கு என்ன வேண்டுமாம்? நாங்கள் திருத்திக் கொண்டுபோன வம்சப் படத்தைச் சித்தப்பா வாங்கிக்கொண்டு, "சரி சரி, பாத்துக்கலாம்" என்றார்.

பார்த்துக்கொண்ட லட்சணம் அவருடைய எண்பதாவது பிறந்தநாளில் தெரிந்தது. கூடத்துச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், நாங்கள் முதலில் போட்டுக் கொடுத்த பழைய வம்சப் படம். டாக்டர் ஜம்மென்று இருந்தார். அடியில் 'ஆராய்ந்து தொகுத்தவர்' என்று கொட்டை எழுத்தில் என் தம்பியின் பெயர். அவர் பொய் சொன்னால் அது அவர் பாடு. அதற்கு என் தம்பியைச் சாட்சிக்கு நிறுத்த யார் உரிமை கொடுத்தது?

"எல்லாம் எங்க பையன் ஏட்டுல பாத்து எழுதினது" என்று சித்தப்பா காட்டினார். சம்பந்தி திரும்பி, "அப்படிங்களா?" என்று தம்பியைக் கேட்டார்.

"டாக்டர் நின்னது மூத்த பிள்ளைக்குங்க. அது தங்கல. நாங்க ரெண்டாவது பிள்ளையோட வழி" என்றான் தம்பி, கடையில் வில்லையின் அளவு சொல்கிற குரலில்.

சித்தி, "எல்லாரும் சாப்பிட வாங்க" என்று இரண்டு தடவை கூப்பிட்டார். சித்தப்பா தம்பியின் முழங்கையைப் பிடித்து, "இன்னிக்கு வேணாம்டா. அப்புறமா மாத்திக்கலாம்" என்றார்.

"இன்னிக்குத்தானே சித்தப்பா எல்லாரும் இருக்காங்க."

சட்டத்தைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் குப்புற வைத்தான். ஆணிகளை நெம்பிப் பலகையை எடுத்து, படத்தை உருவினான். மூத்த பிள்ளையிடமிருந்து எங்களை நோக்கி இறங்கிய கோட்டை அடித்தான். டாக்டரை அந்தப் பிள்ளையோடு இருந்த இடத்திலேயே விட்டான். பெற்றோரிடமிருந்து புதிதாக ஒரு கோடு இழுத்து, அதே பெயரை மறுபடி எழுதி, எங்கள் எல்லாரையும் அதனோடு சேர்த்தான். ஞானத்தகப்பனின் பெயரையும் தொழிலையும் சுருக்காமல் எழுதினான். பிறகு மூத்ததன் பெயருக்குக் கீழே 'எட்டு மாதம்' என்று சின்னதாக எழுதிவிட்டு, மை காயட்டுமென்று குனிந்து, அதன்மேல் மெல்ல ஊதினான்.