சங்கு ஊதியபோது மரகதம்

மரகதம் இறந்துபோன செய்தி, அவள் இறப்பதற்கு முன்பே என்னிடம் வந்துவிட்டது. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டிலிருந்து அவள் கணவர் மாணிக்கம் ஓடிவந்து, "அக்கா, மூச்சு நின்னுபோச்சு" என்றார். உச்சிப்பொழுதுக்குச் சற்று முன்பு. நம் வெள்ளிக்கிழமை பஜனையில் அவளோடு பாடிய உங்களுக்கு, அன்று நடந்ததை நானே சொல்லிவிட வேண்டும். தெருவில் வேறு மாதிரி பேசிக்கொள்கிறார்கள்.

அவளுக்கு இதயத்தில் வால்வு சுருங்கியிருந்தது. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும். பஜனையில் மட்டும் விடமாட்டாள். "நீங்க பாடிக்கிட்டே போங்க, நான் அடுத்த அடியில வந்து ஏறிக்கிறேன்" என்பாள்.

தென்னாப்பிரிக்காவில், உலகத்திலேயே முதல்முறையாக, விபத்தில் சிக்கிய ஒரு பெண்ணின் இதயத்தை எடுத்து நோயாளி ஒருவருக்கு வைத்த செய்தியை நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். தானாக எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றவள் நான். 'அறுவை சிகிச்சை'யில் தடுக்கி நின்றேன். அவள் பூக்கட்டுவதை நிறுத்தாமல் கேட்டாள்: "எனக்கும் வைப்பாகளா அக்கா? வேற நெஞ்சு வச்சா, இவரு மேல இருக்க கோவமெல்லாம் பழசோட போயிருமே!"

முன்கட்டில் பூட்டுக்குச் சாவி அராவிக்கொண்டிருந்த மாணிக்கம், "அதுக்குத்தான் நானும் காத்துக்கெடக்கேன்" என்றார்.

விளையாட்டாகச் சொன்னாலும் ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் கேட்டே விட்டாள். "அது நம்ம பக்கம் வர நாளாகும்மா" என்று சொல்லி அனுப்பினாராம்.

சில வாரங்களில் அந்த நோயாளியும் இறந்தார். புது இதயத்தை உடம்பு தள்ளிவிடாமலிருக்கக் கொடுத்த மருந்து, நோயைத் தாங்கும் வலுவைக் குறைத்துவிட்டது. நுரையீரலில் நிமோனியாக் காய்ச்சல் கண்டுவிட்டது. இதயம் கடைசிவரை நன்றாகவே அடித்ததாம். இதை வாசித்தபோது மரகதம் சிரிக்கவில்லை.

"அந்தப் பொண்ணு போன பொறவும் அவ நெஞ்சு அடிச்சுக்கிட்டுத்தான இருந்துச்சு? அப்ப அவ என்னைக்குச் செத்தா?"

தெருவில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் பஞ்சாங்கம் பார்த்துத் திதியும் நட்சத்திரமும் குறித்துக் கொடுப்பவள் நான். அன்று செய்தித்தாளை மடித்துக் கீழே வைத்தேன்.

"எனக்கு மூச்சை மட்டும் பாத்துட்டுக் குறிச்சுராதீக. கையை வச்சுப் பாருங்க. உள்ள ஆளு இருக்கும்" என்றாள்.

நான் போனபோது, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டி, தலைமாட்டில் விளக்கும் ஏற்றிவிட்டார்கள். மூக்கருகே பிடித்த பஞ்சு அசையவில்லை. நெஞ்சில் கை வைத்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நின்று தட்டுவதுபோல் தட்டியது.

"கட்டை அவுத்துவிடுங்க, உசிரு இருக்கு!" என்று கத்தினேன். மாணிக்கம் டாக்டரைக் கூட்டிவர ஓடினார். நகராட்சியின் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதி ஓய்ந்தது. அப்போதும் என் கையடியில் அவள் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகுதான் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி விழுந்து, நின்றது. டாக்டர் வந்து தலையசைத்தார்.

பஞ்சாங்கப்படி அன்று உச்சி பன்னிரண்டு மணிவரை திருவோண நட்சத்திரம்; அதன் பின் அவிட்டம். அவிட்டத்தில் உயிர் போனால் அடைப்பு என்று வீட்டை ஆறு மாதம் பூட்டிப்போட வேண்டும். அவர்களுக்குச் சோறு போடும் பூட்டுப் பட்டறையும் அதே வீட்டில்தான்.

"திருவோணம்னே எழுது தாயி. மூச்சுப் போனப்ப சங்கு ஊதலையே. புள்ளைக சோத்துக்கு எங்க போகும்?" என்றார் மாணிக்கத்தின் பெரியம்மா.

நான் மாணிக்கத்தைப் பார்த்தேன். "தம்பி, சங்கு ஊதினப்ப அவ இருந்தா."

"இருந்தாளா?"

"தட்டிக்கிட்டே இருந்தா."

"அப்ப அவிட்டம்தான். அவ இருந்த நேரத்தை நான் எப்பிடி இல்லேம்பேன்?" என்றார்.

காரியம் முடிந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டு, பிள்ளைகளோடு அகரத்திலிருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். இப்போது வேறொருவர் பட்டறையில் கூலிக்கு நிற்கிறார்.

பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்கிறதென்று சிலர் சொல்கிறார்கள். எனக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். நான் எதுவும் கேட்டதில்லை. ஆனால் சாமி முன்னால் கும்பிட்டு நிற்கையில், சேர்த்த இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே அந்தத் தட்டல் மெல்லத் தொடங்குகிறது. மரகதம் எனக்கு விட்டுப்போனது அதுதான். அது ஓயும்வரை நான் கையைப் பிரிப்பதில்லை.