பத்து நகமும் ஒரு நாற்காலியும்

அந்தப் பெரிய விடுதியின் சலவை அறையில் பதினோரு வருஷமாக நின்றவளுக்கு நுரையக்கா என்று பேர். எந்நேரமும் முழங்கை வரை நுரைதான். அந்த அறையில் மருந்துக்குக்கூட ஒரு நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் வேலை ஓடாதாம்! நின்று நின்று அவள் கால் ஓய்ந்துபோனதை எவர் கேட்டார்கள்?

முன்பதிவு மேசையில் ஓர் இடம் காலியானதும் எழுதிப் போட்டாள். சம்பளம் அதேதான். ஆனால் உட்கார்ந்து பார்க்கிற வேலை, அவளுக்கு அது போதும். மகளுடைய பழைய கம்ப்யூட்டரில் ஒரு மாதம் தட்டித் தட்டிப் பழகினாள். நேர்காணலுக்கு முந்தின சாயங்காலம்தான் தன் நகங்களைப் பார்த்தாள். பிளீச்சிங் தண்ணீர் தின்றதுபோக ஏதோ மிச்சம் இருந்தது.

“இந்தக் கையோட போனா மறுபடி நுரைக்கே அனுப்பிடுவாங்க அண்ணி” என்றாள் கூடவே இருக்கும் நாத்தனார். வாயும் சும்மா இருக்காது, கையும் சும்மா இருக்காது அவளுக்கு. கடையில் மலிவாகக் கிடைத்த ஒட்டு நகப் பெட்டியோடு வந்து உட்கார்ந்தாள்.

“மலிவுங்கிற. ரெண்டு நாள்ல உதிர்ந்துடாதா?”

“ஒட்டுற விதத்துல ஒட்டினா பத்து நாளைக்கு அசையாது. பேசாம கையைக் குடுங்க.”

இருக்கிற நகத்தை அரத்தால் லேசாகத் தேய்த்து, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். எண்ணெய்ப் பசை துளி இருந்தாலும் பிடிக்காதாம். விரலுக்கு விரல் அளவு பார்த்து, பொட்டளவு பசை விட்டு, அடிநகத்தில் சாய்த்து வைத்து, காற்று நிற்காமல் முப்பது எண்ணும்வரை அழுத்தினாள். பெட்டியில் எல்லாமே நீள நகம். ஒட்டிய பிறகு குட்டையாக வெட்டிக்கொள்வதாக ஏற்பாடு. ஏழாவது விரலிலேயே அண்ணி உட்கார்ந்தபடி தூங்கிப்போனாள். பத்தையும் ஒட்டி முடித்தவளுக்கு அந்த முகத்தைப் பார்த்து எழுப்ப மனசு வரவில்லை. காலையில் வெட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். காலையில் பஸ்ஸுக்கு ஓடிய ஓட்டத்தில் நகமாவது ஒன்றாவது!

நேர்காணலில் மேலாளர் அம்மாவின் கண் முதலில் கையில்தான் விழுந்தது. முகம் மலர்ந்தது. “இதுல இருக்கிற பேரையெல்லாம் அடிச்சுக் காட்டுங்க” என்று ஒரு பட்டியலை நீட்டினார். பக்கத்தில் நாற்காலி இருந்தும் பழக்கதோஷத்தில் நின்றபடியே குனிந்து தட்டினாள். விரல் ஓர் எழுத்துக்குப் போனால் நகம் பக்கத்து எழுத்தில் விழுந்தது. திரையில் வந்தது யார் பேருமில்லை. ஒரு மாதப் பாடு, அடக் கடவுளே! நகத்தைப் பிய்த்துப் பார்த்தாள். வருவேனா என்றது. நாத்தனார் ஒட்டினால் ஒட்டினதுதான்.

மேசைமேல் கத்தரிக்கோல் கிடந்தது. கேட்காமலே எடுத்து ஒவ்வொன்றாகக் கத்தரித்தாள்.

“என்னம்மா பண்றீங்க?”

“இது என் நகமில்ல மேடம். நான் பழகினது வெறும் விரல்ல.”

மேலாளர் மேசைமேல் கிடந்த நகத்துண்டுகளைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டார். “மொதல்ல உக்காந்து அடிங்க.”

உட்கார்ந்தாள். பட்டியல் முழுக்க ஒரு பிழை இல்லாமல் வந்தது. மேலாளர் இரண்டு தடவை ஒப்பிட்டுப் பார்த்தார்.

“சரி, திங்கக்கிழமையிலேர்ந்து இங்க வந்துடுங்க. இப்ப நீங்க கிளம்பலாம்.”

அவள் எழுந்திருக்கவில்லை. சந்தோஷம்கூட அசதியாகத்தான் வந்தது.

“மேடம், இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே உக்காந்துக்கட்டுமா?”