செவ்வாய்க்கிழமைக்கு வைச்ச குரல்

கண் முழிச்சு "ஜெசிந்தா" எண்டு மனுசியைக் கூப்பிட்டன். காத்து மட்டும்தான் வந்தது.

2006ஆம் ஆண்டு, ஆடி மாதம், ஆஸ்பத்திரிக் கட்டில். கழுத்திலை இருந்த கட்டியை எடுத்துப்போட்டினம். கட்டியாலை பயமில்லை, ஆனா குரலுக்குப் போற நரம்பு இழுபட்டிட்டுது, குரல் திரும்பி வந்தாலும் வரும், வராமலும் விடும் எண்டு டொக்டர் சொன்னா. இப்பிடி நடக்கலாம் எண்டு முதலே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினவை. நான்தான் காதிலை விழுத்தேல்லை.

வேறை ஆக்களெண்டா சமாளிக்கலாம். எனக்குக் கத்துறதுதான் தொழில். மன்னாரிலையிருந்து ஒன்பது வயசிலை வந்து, மொன்ட்ரியால்-நோர் பள்ளிக்கூடத்திலை ஃபுட்போல் பழகினவன் நான். காலாலை உதைக்கிறது இல்லை, ஹெல்மெற் போட்டுக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையிலை வைச்சு முட்டி மோதி ஓடுற விளையாட்டு. பேந்து பகலிலை புவாண்ட்-கிளேரிலை வேர்ஹவுஸ் வேலை, பின்னேரத்திலை பிள்ளையளுக்குப் பயிற்சி எண்டு பதினொரு வருஷம் ஓடினன். அந்த வருஷம்தான் ஒரு செஜெப்பிலை, அதுதான் பல்கலைக்கழகத்துக்கு முதல் படிக்கிற கொலிஜிலை, முழுநேர ஒஃபென்ஸ் கோச் வேலை கிடைச்சது. பந்து எங்கடை பெடியளிட்டை இருக்கேக்கை, அடுத்து என்ன ஆட்டம் எண்டு ஓரத்திலை நிண்டு சொல்லவேணும். முதல் ஒரு வருஷத்துக்குத்தான் வேலை, பேந்து பாப்பம் எண்டவை. வேர்ஹவுஸை விட்டிட்டு வந்திட்டன். வந்து ரெண்டு மாதத்திலை ஊமை.

தலைமைக் கோச் லுக் நல்ல மனுசன். எண்டாலும் அவரும் என்ன செய்யிறது? மூண்டு மட்ச் பாப்பம், சரிவராட்டி வேறை ஆளைப் போடவேணும் எண்டு என்ரை முகத்தைப் பாக்காமல் சொன்னார். அண்டைக்கு வீட்டை வந்து குளியலறைக் கதவைப் பூட்டிப்போட்டு அழுதன். அழுகையும் சத்தமில்லாமல்தான் வந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை எங்கடை தமிழ்க் கோயிலிலை அந்தோனியார் மன்றாட்டு. நான் முழங்காலிலை நிண்டு உதட்டாலை ஒரு நேர்த்தி வைச்சன். "அந்தோனியாரே, என்ரை குரலைத் தாரும். வாற முதல் கதை உம்மடை மன்றாட்டுமாலைதான். செவ்வாய்க்கிழமை, இந்தக் கோயிலிலை, எல்லாருக்கும் முன்னாலை நானே சொல்லுவன்." இதைத் துண்டிலை எழுதி ஜெசிந்தாவுக்குக் காட்டினன். அவ வாசிச்சுப்போட்டு கைப்பைக்குள்ளை வைச்சா.

குரல் வரேல்லை. ஆவணி போச்சு, புரட்டாதி போச்சு. கர்த்தர் என்னை மறந்திட்டார் எண்டே நினைச்சன். ஆனா வேலை செய்யத்தானே வேணும். ஜெசிந்தா பெரிய மட்டையளிலை படம் கீறித் தந்தா. குடை, மீன், தேங்காய், கேத்தில். ஒவ்வொரு படமும் ஒவ்வொரு ஆட்டம். நான் மட்டையைத் தூக்கிக் காட்ட, பெடியள் பாத்து ஆடுவினம். முதல் மட்சிலை மீனைத் தலைகீழாய்ப் பிடிச்சிட்டன். பெடியள் விழுந்து விழுந்து சிரிச்சு, அந்த மட்சைக் கோட்டைவிட்டம். ரெண்டாவதும் தோல்வி.

கத்த ஏலாதபடியால் ஒவ்வொருத்தனுக்கும் கிட்டப் போய், தோளைத் தொட்டு, கையாலை காட்டவேண்டி வந்திட்டுது. அப்பதான் அவங்களின்ரை முகத்தை வடிவாப் பாத்தன். பந்தை எறியிற பெடியன் எமானுவேல், எங்கடை மொன்ட்ரியால்-நோர் ஹெயிட்டிப் பிள்ளை. அவனைச் சோம்பேறி எண்டு எத்தினை தரம் பேசியிருப்பன். கிட்டப் போனாத்தான் தெரியுது, மட்சுக்கு முதல் அவனுக்குக் கை நடுங்கும். அந்தக் கையைப் பிடிச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் பக்கத்திலை நிண்டன். அவன் பிரெஞ்சிலை மெல்லமாய் ஒண்டு சொன்னான்.

"கோச், நீங்கள் கத்தேக்கை எனக்கு ஒண்டுமே விளங்கிறதில்லை. இப்ப எல்லாம் விளங்குது."

மூண்டாவது மட்ச் வெண்டம். லுக் வேறை ஆளைத் தேடேல்லை. அதுக்குப் பிறகு ஒண்டுமே தோக்கேல்லை, நேரே ஃபைனல்.

ஃபைனல் ஒரு சனிக்கிழமை. அண்டு காலமை தேத்தண்ணி குடிச்சுப்போட்டுத் தொண்டையைக் கனைச்சன். சத்தம் வந்தது. காத்தில்லை, சத்தம். டப்பெண்டு கையாலை வாயைப் பொத்தினன். ஜெசிந்தா ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதா. கதையுங்கோ, கதையுங்கோ எண்டா. நான் அவவின்ரை கைப்பையைக் காட்டினன். அவ அந்தத் துண்டை எடுத்து வாசிச்சா. செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போகுமட்டும் நான் ஒரு சொல்லும் கதைக்க ஏலாது. அழுத கண்ணோடையே அவவுக்குக் கோவம் வந்திட்டுது.

"யாரப்பா உங்களை இப்பிடி நேர்த்தி வைக்கச் சொன்னது? மெழுகுதிரி கொளுத்துறன் எண்டு சொல்லியிருக்கலாமே?"

உண்மைதான். எங்கடை சனம் நேர்த்தி வைக்கேக்கை வாயிலை வந்ததெல்லாம் வைக்கும், பேந்துதான் முழிக்கும். ஜெசிந்தா ஃபாதருக்குப் போன் பண்ணினா. அந்தோனியார் கோவிக்க மாட்டார், உங்கடை மனுசனே முடிவெடுக்கட்டும் எண்டு ஃபாதர் சொல்லிப்போட்டார். எனக்கு ஆசை தொண்டை மட்டும் நிண்டது. என்ரை வேலை, என்ரை பெடியளின்ரை கப், எல்லாம் அண்டைக்குத்தான். ஆனா தந்தவருக்குக் குடுத்த வாக்கு. மட்டையளைக் கட்டிக் காருக்குள்ளை ஏத்தினன்.

கடைசி நிமிஷம். நாலு புள்ளி பின்னுக்கு நிக்கிறம். எல்லைக் கோட்டுக்கு இன்னும் ஐஞ்சு யார் தூரம் இருக்கு, அதுக்கு உள்ளை பந்தைப் பிடிச்சா ஆறு புள்ளி, ஒரே ஒரு சந்தர்ப்பம்தான் மிச்சம். எதிர்ப்பக்கச் சனம் மேளம் அடிச்சு, தகரம் தட்டி, காது வெடிக்கிற சத்தம். எமானுவேல் மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு நிக்கிறான். அவன்ரை பேர் என்ரை நாக்கு நுனியிலை. பல்லைக் கடிச்சன். "அந்தோனியாரே, அவனைத் திருப்பும்" எண்டு மனசுக்குள்ளை கெஞ்சினன்.

அவன் திரும்பினான். நான் குடையைத் தூக்கினன்.

அந்த இரைச்சலிலை எதிர் ரீமின்ரை கோச் கத்துறார், கத்துறார், அவரின்ரை பெடியள் காதிலை கை வைச்சு என்ன என்ன எண்டு கேக்கிறாங்கள். எங்கடை பெடியள் அந்த சீசன் முழுக்கக் கண்ணாலை கேட்டுப் பழகினவங்கள். எமானுவேல் எறிஞ்சான். கோட்டுக்கு உள்ளை நிண்டவன் அந்தரத்திலை பாய்ஞ்சு பிடிச்சான். வெண்டிட்டம். மைதானமே கத்துது, நான் ஒருத்தன்தான் புல்லிலை முழங்காலிலை இருந்து சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தன். லுக் வந்து தூக்கி நிமித்தி, அடுத்த வருஷமும் நீதான், அதுக்கடுத்த வருஷமும் நீதான் எண்டார். ஜெசிந்தா அவரிட்டை நேர்த்திக் கதையைச் சொல்ல, மனுசன் வாயைப் பிளந்துகொண்டு நிண்டார்.

செவ்வாய்க்கிழமை கோயிலிலை முன்னுக்குப் போய் நிண்டு மன்றாட்டுமாலையைத் துவங்கினன். கரகரத்த குரல், ஆனா என்ரை குரல். கதவு திறந்தது. ரீம் ஜாக்கெற்றோடை பெடியள் முழுப்பேரும் வந்து பின்வாங்கிலை நெருக்கியடிச்சு இருந்தாங்கள், முன்னுக்கு எமானுவேல். ஒருத்தருக்கும் ஒரு சொல் தமிழ் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, சனம் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" எண்டுது. ஐஞ்சாவது தரம் பின்னுக்கிருந்து இடி மாதிரி ஒரு சத்தம் வந்தது. "வேண்டிக்கொள்ளும்!" நான் தலையை நிமித்திப் பாத்தன். நான் நிப்பாட்ட, அவங்களே திருப்பியும் சொன்னாங்கள்.

வெல்லுறதுக்குத்தான் நான் குரலைக் கேட்டன். அந்தோனியார் எனக்குக் குரல் இல்லாமலே வெல்ல வைச்சு, குரலைத் தன்ரை கோயிலுக்கெண்டு தந்தார். அண்டு தொடக்கம் ஒரு பிள்ளையையும் நான் கத்திப் பேசினதில்லை. மட்டையள் இப்பவும் காருக்குள்ளைதான் கிடக்கு.

உங்களிலை ஆராவது கேட்டுக் கேட்டுக் களைச்சுப்போய் இருந்தா, விடாதேங்கோ, கேளுங்கோ. சத்தம் வராட்டியும் அவருக்குக் கேக்கும். நேர்த்தியை மட்டும் ஒருக்கா மனுசியிட்டைக் கேட்டிட்டு வையுங்கோ.