புகழேந்தியின் வாளை உடைத்தவள்

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்கு மனு கொண்டுவருகிறவர்களுக்கெல்லாம் அறிவுமதியைத் தெரியும். எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் ஆன்லைனில் மனு போட்டுக் கொடுப்பவள். வாரிசுச் சான்று கேட்டு வந்து அழுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைப்பாள். தங்கமான பொண்ணு என்பார்கள். ஆறு வருடமாகப் பக்கத்து நாற்காலியில் இருக்கும் எனக்குத்தான் தெரியும், அவள் எதையும் மறக்கிற ஆள் இல்லை.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், அவள் பதினொன்றாவது படிக்கும்போது, சிங்கப்பூர் மாமா ஒரு கேம் பெட்டி வாங்கி வந்தார். உள்ளங்கையில் அடங்கும், மடக்கித் திறக்கலாம். அதில் ஒரே ஒரு ஆட்டம். ஆடுகிறவர் ஒரு கொல்லர். சுரங்கத்தில் இறங்கித் தாது பொறுக்கி, உலையில் வாள் அடித்து, அந்த வாளோடு அடுத்த மாடிக்கு இறங்கிச் சண்டை போட வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் வாளின் பலம் ஒன்று குறையும். பூஜ்யமானால் வாள் உடைந்துவிடும், திரும்ப வராது. மேலிருந்து கீழாக மொத்தம் ஐம்பது மாடி. எட்டு மாதத்தில் அறிவுமதி நாற்பத்தெட்டுக்குப் போய்விட்டாள்.

ஒருநாள் அண்ணன் புகழேந்தி அவளைக் கேட்காமல் பெட்டியை எடுத்து, புதிதாக ஆட்டம் தொடங்கி, சேவ் பண்ணிவிட்டான். அதில் ஒருவர் ஆட்டத்துக்குத்தான் இடம். அவளுடையது அழிந்துபோனது. அழுதவளைப் பார்த்து அப்பா, "பொட்டப் புள்ளைக்குக் கத்தி எதுக்கு?" என்று சிரித்தாராம். அண்ணனும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறான், பாவி. காலேஜ் ஹாஸ்டலுக்குப் போகும்போது பெட்டியையும் கையோடு கொண்டுபோய்விட்டான். எழுதும்போது எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

புகழேந்தி இப்போது கீழ்பென்னாத்தூரில் உரக்கடை வைத்திருக்கிறான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி விடியற்காலையில் வந்து, வண்டி, செருப்பு, பை எல்லாவற்றையும் தங்கை வீட்டில் போட்டுவிட்டு வெறுங்காலோடு மலை சுற்றப் போவான். போன மாசி மாதம் வந்தபோது நானும் அங்கே காபி குடித்துக்கொண்டிருந்தேன். பையிலிருந்து அதே பெட்டியை எடுத்தான்.

"பழைய சாமான்ல கெடந்துச்சு மதி. பேட்டரி மாத்தி ரெண்டு வருசமா ஆடறேன். இன்னிக்குக் கடைசி மாடி. வந்து முடிச்சிடறேன், சார்ஜ்ல போட்டு வை."

அவள் வாங்கிக்கொண்டாள். படியிறங்கியவன் திரும்பி, "நீகூட அப்போ இதுல ஏதோ ஆடுவ இல்ல?" என்றான்.

ஏதோ. அந்தச் சொல்லோடுதான் போனான் மகராசன்.

அறிவுமதி இட்லி ஊற்றி அடுப்பில் வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தாள். அவன் வாள் நீல நிறத்தில் மின்னியது. அதற்கான தாது ஆட்டம் முழுவதிலும் ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும், அந்த வாள் இல்லாமல் கடைசி மாடியில் ஜெயிக்கவே முடியாது என்று அவள்தான் எனக்குச் சொன்னாள். பலம் நானூற்றுப் பன்னிரண்டு. பயிற்சிக்காக நிற்கும் கல்தூண் முன்னால் போய் வெட்ட ஆரம்பித்தாள். நான் தடுக்கவில்லை. நடுவில் ஒருமுறை, "இன்னும் எவ்ளோ இருக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

"நூத்தி முப்பது."

பூஜ்யம் வந்தது. வாள் உடைந்தது. உடனே சேவ் பண்ணினாள். அவ்வளவு நிம்மதியான முகத்தை அவளிடம் நான் அதற்குமுன் பார்த்ததில்லை. இட்லி கல்லாகிப்போயிருந்தது, அதைப் பற்றி யாருக்குக் கவலை?

பத்தரைக்குக் கால் வலியோடு வந்த புகழேந்தி, தட்டைத் தொடுவதற்குமுன் பெட்டியைத் திறந்தான். முகம் செத்துப்போனது.

"என் கத்தி எங்கடி?"

"ஒடஞ்சிடுச்சு."

"தெரியாம எதையாவது அமுக்கிட்டியா?"

"இல்லண்ணா. தெரிஞ்சேதான் ஒடச்சேன். நானூத்திப் பன்னெண்டு வெட்டு."

"ரெண்டு வருசம்டி. நான் உனக்கு இன்னா பண்ணேன்?"

நிஜமாகவே அவனுக்கு நினைவில்லை. எனக்கு நாக்கு நமநமவென்று இருந்தது, சொல்லிவிடலாமா என்று. அறிவுமதி என்னை ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

அவன் சாப்பிடாமலே வண்டியை எடுத்தான். அந்த வாரம் மூன்று தடவை போன் செய்து அதையே கேட்டான். மூன்று தடவையும் அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

"நீயே யோசிண்ணா. எனக்குப் பத்தொம்பது வருசம் ஆச்சு, நீ மெதுவாவே யோசி."